பல மரம் கண்ட தச்சனின் வரவு செலவு

பக்கத்து வீட்டு அக்காவின் கட்டிலுக்கு அடியில் ஒன்பது பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் குவில்லிங் காகிதச் சுருள். ஒன்றில் வளையலுக்குச் சுற்றும் பட்டு நூல். ஒன்றில் காய்ந்து கல்லாகிப்போன டெரகோட்டா களிமண். ரெசின் பாட்டில் இரண்டு, அதில் ஒன்று இன்னும் திறக்கப்படவில்லை. கேக் அச்சுகள், கொலு பொம்மைக்கான வண்ணங்கள், ஆரி எம்பிராய்டரி ஊசிகள், மணிகள், எதற்கென்று அவருக்கே மறந்துபோன சில சாமான்கள். "இதுல போட்ட காசுக்கு ஒரு பவுன் வாங்கியிருக்கலாம்" என்பது அவர் கணவரின் நிரந்தர வசனம். மாமியார் அவ்வளவு நீட்ட மாட்டார். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று பழமொழியிலேயே முடித்துவிடுவார்.

இன்றைக்கு அந்த வீட்டின் வாடகையையும் பையனின் பள்ளிக் கட்டணத்தையும் அந்தப் பெட்டிகள்தான் கட்டுகின்றன. ஒன்பது பெட்டிகளும் அல்ல. எந்தப் பெட்டி கட்டுகிறது, எது இன்னும் தூங்குகிறது, ஏன் அப்படி என்று கொஞ்ச காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பொழுதுபோக்கைத் தொழிலாக்குவது பற்றி வரும் அறிவுரைகளில் இந்தக் கணக்கைத்தான் யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

"பிடித்ததைச் செய், பணம் தானாக வரும்" என்று காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் ஒரு வாசகம் வரும். பணம் தானாக வந்து நான் பார்த்ததில்லை. பிடித்த வேலை ஒன்று இருந்தால் அதைச் சுற்றிப் பிடிக்காத வேலை நாலு இருக்கும். பெரும்பாலும் வாடிக்கையாளர் பணம் தருவது அந்த நாலுக்குத்தான். சொன்ன தேதியில் கொடுப்பது, அளவு சரியாக இருப்பது, போன் எடுப்பது, தப்பு வந்தால் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவது. கலை இருக்கிறது என்பதை வாடிக்கையாளர் முதலிலேயே எடுத்துக்கொண்டுவிடுகிறார்; அதற்குத் தனியாக விலை போடுவதில்லை.

பழமொழிக்கே முதலில் வருவோம். அது முழுப் பொய் இல்லை. ஆனால் அதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல எதிர்சாட்சி உண்டு: இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்தவர். தாவரவியலில் ஈடுபாடு, சட்டப் படிப்பு, பேனாவும் மையுமாக ஓவியம், கறுப்பு வெள்ளைப் புகைப்படம், காட்டில் அலைவது, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து என்று எத்தனையோ மரம் பார்த்த தச்சர். இன்றைய கர்நாடகத்தில் இருக்கும் சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, மகாராஜாவின் செயலர் என்று பல வேலை பார்த்தார். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் சென்னைக்குத் திரும்பினார். அதற்கப்புறம் அவர் மாதச் சம்பள வேலைக்குப் போகவில்லை. 1950இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றி ஒரு பத்தி எழுதத் தொடங்கி, 1996 பிப்ரவரியில் இறக்கும்வரை, அதாவது 46 ஆண்டுகள், எழுதினார். நடுவில் 1970இல் பத்மஸ்ரீ வந்தது.

பத்திரிகை ஆசிரியரின் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பாருங்கள். நன்றாக எழுதுகிறவர்கள் பலர் இருந்திருப்பார்கள். அவரைவிட நன்றாக வரைகிறவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு பறவையைத் தானே கவனித்து, அதைப் பற்றித் தானே எழுதி, அதோடு தானே வரைந்த படத்தையும் ஒரே கவரில் அனுப்புகிறவர் எத்தனை பேர்? பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒரு கேமராவையே அவர் உருவாக்கிக்கொண்டார் என்பது காட்டுயிர் ஆர்வலர்களிடையே பிரசித்தம். தனித்தனியாக விற்றிருந்தால் ஒவ்வொரு ஆர்வத்துக்கும் போட்டி அதிகம். நாலும் சந்திக்கும் இடத்தில் அவர் ஏறக்குறைய தனியாக நின்றார்.

அப்படியே எல்லோராலும் செய்ய முடியுமா? முடியாது. அதனால்தான் நம் எழுத்தாளர்களில் பலர் வேறு வழி எடுத்தார்கள். சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதினார். சு. தியடோர் பாஸ்கரன் தமிழ்த் திரைப்பட வரலாறு, காட்டுயிர், இந்திய நாய் இனங்கள் என்று ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதது போல் தெரியும் ஈடுபாடுகளோடு அஞ்சல் துறையில் இருந்து, தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல் துறைத் தலைவராக ஓய்வு பெற்றார். திரைப்படம் பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருதைப் பெற்றபோதும் அவர் அரசு ஊழியர்தான். "வேலையை விட்டால்தான் ஆர்வம் ஜெயிக்கும்" என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த வரிசையைக் கணக்கில் எடுப்பதில்லை. சம்பளத்தின் நிழலில் இருக்கும் ஆர்வம் யாருடைய ரசனைக்கும் வளைய வேண்டியதில்லை. அதுவும் ஒரு லாபம்தான், ரொக்கமாகக் கையில் வராத லாபம்.

இந்த வளைவது என்ன என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். எனக்குப் புகைப்படம் பிடிக்கும். பறவைகள், பள்ளிக்கரணை சதுப்பு நிலம், வேடந்தாங்கல், விடியற்காலை வெளிச்சம், இப்படி. நண்பரின் உறவில் ஒரு கல்யாணம், "கேண்டிடா எடுத்துக் குடுங்க, அட்வான்ஸ் தர்றோம்" என்றார்கள். முகூர்த்தம் 4:30க்கு மேல் 6:00க்குள். மூன்று மணிக்கே போய் நின்றேன். மண்டபத்தின் பின்வாசலில் மணப்பெண்ணின் பாட்டி தனியாக உட்கார்ந்து, தன் பழைய கூரைப்புடவையின் முந்தானையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். டியூப்லைட் வெளிச்சம் ஒரு பக்கம், அடுப்புப் புகை மறுபக்கம். என் வாழ்நாளில் எடுத்த நல்ல படங்களில் அது ஒன்று. அப்புறம் கெட்டிமேளம் கொட்டியது. தாலி கட்டும் நொடியில் மூன்று சித்தப்பாக்கள் போனைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் எழுந்து நின்றார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு சட்டைக் காலரும், அட்சதை பிடித்த கையும்.

ஆல்பம் பார்க்க உட்கார்ந்தபோது பெண்ணின் அப்பா கோபப்படவில்லை. "தம்பி, சம்பந்தி வீட்டு ஆளுங்க மேடையில நின்ன படம் எத்தனை இருக்கு?" என்று மட்டும் கேட்டார். பதினொரு குடும்பங்கள் மேடை ஏறியிருந்தன. நான் எடுத்திருந்தது நாலு. பாட்டி படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பினார். மீதிப் பணத்தை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்டது நியாயம். அந்தக் குடும்பத்துக்கு அது கலைக் கண்காட்சி இல்லை, யார் வந்தார்கள் என்பதற்கான பதிவு. அதற்கப்புறம் கிட்டத்தட்ட ஓராண்டு கேமரா பையிலேயே கிடந்தது. பறவை பார்க்கப் போகக்கூடத் தோன்றவில்லை.

இதற்கு உளவியலில் ஒரு பழைய சோதனை உண்டு. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடத்தி, 1973இல் வெளியிட்டது. ஏற்கெனவே வண்ணப் பேனாவில் வரைவதை விரும்பும் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் நல்ல சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பின் கொடுத்தார்கள். மூன்றாவதுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து, அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்துவிட்டு ஒளிந்து கவனித்தபோது, முன்பே வாக்குக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்ற குழுக்களின் நேரத்தில் ஏறக்குறைய பாதிதான்.

இதை வைத்து "பணம் வாங்கினால் ஆர்வம் செத்துவிடும்" என்று சிலர் எழுதுகிறார்கள். சோதனை அப்படிச் சொல்லவில்லை. எதிர்பாராமல் பரிசு வாங்கிய குழந்தைகளின் ஆர்வம் குறையவே இல்லை. குறைத்தது பரிசு இல்லை, "இதைச் செய்தால் இது" என்ற ஒப்பந்தம். தொழில் என்பதே அந்த ஒப்பந்தம்தான், எனவே இதிலிருந்து முழுசாகத் தப்பிக்க வழியில்லை. ஆனால் ஆர்வங்கள் பல இருக்கிறவருக்கு ஒரு வசதி உண்டு. எதை ஒப்பந்தத்துக்குள் விடுவது, எதை வெளியே வைப்பது என்று பிரிக்கலாம். ஒரே ஆர்வம் உள்ளவருக்கு அந்தக் கதவு கிடையாது.

புகைப்படம் பேசும்போதே ஒரு சட்ட விஷயம். நாம் எடுத்த படம் நமக்குத்தான் சொந்தம் என்று பலர் நினைக்கிறோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும், வரையச் சொன்ன உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். பொழுதுபோக்காக எடுத்த பறவைப் படம் உங்களுடையது. காசு வாங்கி எடுத்த கல்யாணப் படம் அவர்களுடையது. அதை உங்கள் விளம்பரத்தில் போட வேண்டுமானால் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

சரி, அக்காவின் பெட்டிகளுக்கு வருவோம். ஊரில் எல்லோரையும் போல அவரும் ஆரியில்தான் பணம் இருக்கிறது என்று நினைத்தார். ஒரு நாள் அவரும் நானுமாக உட்கார்ந்து ஒரே ஒரு பிளவுஸுக்குக் கணக்குப் போட்டோம். கழுத்துக்கும் கைக்கும் நடுத்தரமான வேலைப்பாடு, வாங்கியது 3,000 ரூபாய். ஜரி நூல், சர்தோசி, குந்தன் கல், மணி எல்லாம் சேர்த்து 450. மிச்சம் 2,550. ஸ்டாண்டில் துணியை இழுத்துக் கட்டி, ஒரு கை மேலே ஊசியோடும் மறு கை துணிக்கு அடியில் நூலோடும் உட்கார்ந்த நேரம் 24 மணி. மணிக்கு 106 ரூபாய். "பரவாயில்லையே" என்றார் அக்கா.

நான் விடவில்லை. டிசைன் தேர்ந்தெடுக்க அந்தப் பெண் அனுப்பிய நாற்பத்து மூன்று படங்களுக்குப் பதில் சொன்ன நேரம்? புடவை நிறத்துக்கு ஒத்த நூல் தேடிப் பாரிமுனைக்கு ரயில் ஏறிப் போய் வந்தது? டிரேசிங் காகிதத்தில் ஊசியால் துளை போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்து டிசைனைத் துணியில் இறக்கியது? அளவு பிளவுஸை வாங்கப் போனது, டெய்லரிடம் கொடுத்து வாங்கியது? குறைந்தது ஒன்பது மணி நேரம். இப்போது மணிக்கு 77 ரூபாய். கையில் வைத்த மாங்காய் டிசைன் எதிர்ப்பக்கம் பார்க்கிறது என்று பிரித்துப் போட்டது நாலு மணி நேரம். 69 ரூபாய். கழுத்துவலிக்குப் பார்த்த டாக்டர் கட்டணத்தை நான் சேர்க்கவில்லை.

விலையை ஏற்றலாமே என்றால், அங்கே இரண்டு சுவர்கள். ஒரு பக்கம் கணினி எம்பிராய்டரி இயந்திரம். தூரத்திலிருந்து பார்த்தால் அதே மாதிரிதான் இருக்கிறது, விலை குறைவு. மறுபக்கம் கடைகளில் நாள் முழுக்க இதையே செய்யும் தொழில்முறைக் கைவினைஞர்கள், பலர் வங்காளத்திலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். சின்ன வயதிலிருந்து பழகிய கை, அக்காவின் 24 மணியை 10 மணியில் முடிக்கும். பொழுதுபோக்காகக் கற்றவர் வேகத்தில் அவர்களோடு போட்டி போட முடியாது. விலையில் இயந்திரத்தோடு முடியாது. மிஞ்சுவது பக்கத்துத் தெரு என்ற ஒரே வசதிதான்: "நாளைக்கு நிச்சயதார்த்தம், கை கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்று இரவு எட்டு மணிக்கு வந்து நிற்கலாம். உண்மையில் அவருடைய பழைய வாடிக்கையாளர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள்.

வாடகை கட்டுவது ஆரி இல்லை. சீர்வரிசைத் தட்டு.

நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் பழம், பூ, புடவை, வெற்றிலை பாக்கு வைத்து வரிசையாக எடுத்துப் போகும் தட்டுகள். முன்பெல்லாம் எவர்சில்வர் தாம்பாளம் போதும். இப்போது ஒவ்வொரு தட்டும் ஒரு சின்ன மேடை மாதிரி இருக்க வேண்டும். அக்கா செய்த தட்டில் பட்டு நூல் சுற்றிய விளிம்பு இருந்தது, குவில்லிங்கில் மயில் இருந்தது, களிமண்ணில் செய்து கொலு வண்ணம் பூசிய குட்டி மணமக்கள் இருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் கிடந்த நாலு பெட்டிகள் ஒரே தட்டில் கூடிவிட்டன. ஒரு தட்டுக்குச் சாமான் செலவு சுமார் 500. பதினொரு தட்டு செட்டுக்கு 5,500. அவர் அதை விற்பதில்லை, வாடகைக்கு விடுகிறார். தட்டுக்கு 150 வீதம் ஒரு விசேஷத்துக்கு 1,650. நாலாவது விசேஷத்தில் போட்ட காசு வந்துவிட்டது. அப்புறம் வருவதில் ரிப்பேர் போக மீதி லாபம். ஆரி பிளவுஸ் ஒருமுறை விற்றால் தீர்ந்தது. அடுத்த 3,000 ரூபாய்க்கு மறுபடி 37 மணி நேரம் குனிய வேண்டும். தட்டோ அலமாரியில் இருந்தபடியே திரும்பத் திரும்பச் சம்பாதிக்கிறது.

பொழுதுபோக்குத் தொழில்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிரிகின்றன என்பது என் கணிப்பு. கையின் மணிநேரத்தை விற்றால் வருமானத்துக்கு ஒரு கூரை இருக்கிறது. ஒரு நாளில் இருப்பது அத்தனை மணிதான். ஒருமுறை செய்ததைப் பலமுறை விற்க முடிந்தால் கூரை உயர்கிறது. வாடகைத் தட்டு, அச்சுக்குப் போகும் டிசைன், பதிவு செய்த பாடம், எல்லாம் அந்த வகை. கேக் செய்கிறவர்களுக்கு இது கிடையாது, பாவம். கேக்கை வாடகைக்கு விட முடியாது. அதோடு மே மாத வெயிலில் ஸ்கூட்டரில் கிரீம் கேக் கொண்டுபோவது தனி வீரம்.

வகுப்பு எடுப்பதும் ஒரு வழி. சொல்லப்போனால் அதுதான் பலருக்கு முதலில் கண்ணில் படுகிறது. பத்துப் பேரை ஒரே நேரத்தில் உட்காரவைத்தால் ஒரு மணி நேரத்துக்குப் பத்து மடங்கு. இதில் ஒரு சிக்கல். எங்கள் தெருவிலேயே இப்போது மூன்று "ஆரி வகுப்பு" போர்டு. மூவரில் இருவர் அக்காவிடம் கற்றவர்கள். கற்றவர் எல்லாம் கற்றுக்கொடுத்தால், பிளவுஸ் போடுவது யார்? பட்டு நூல் வளையல், குவில்லிங் தோடு, டெரகோட்டா நகை, ரெசின் என்று ஒவ்வொரு அலையிலும் இதே கதைதான். அலை ஏறும்போது கற்றுக்கொடுப்பவருக்குப் பணம், சாமான் விற்கும் கடைக்குப் பணம். கடைசியாகச் சேர்ந்தவருக்குக் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி.

அலை இல்லாத கலைகளில் வகுப்பு நிற்கிறது. பரதம், வீணை, சதுரங்கம். சென்னையில் சதுரங்கம் ஆடி மட்டும் வாழ்கிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். பயிற்சி கொடுத்து வாழ்கிறவர்கள் ஏராளம். கிராண்ட்மாஸ்டர் ஆர்.பி. ரமேஷ் பொதுத்துறை வேலையில் இருந்தவர். மனைவி ஆர்த்தி ராமசாமியோடு சேர்ந்து 2008இல் செஸ் குருகுலம் தொடங்கி, ஆட்டக்காரராக இருந்ததைவிடப் பயிற்சியாளராகப் பெரிய பெயர் எடுத்தார். பிரக்ஞானந்தா அவரிடம் பயின்றவர். இங்கே மாணவன் திரும்பிப் பள்ளி திறந்தாலும் சந்தை கெடுவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு ஆண்டும் புதிதாக ஆறு வயதுக் குழந்தைகள் வருகிறார்கள், ஆண்டுக்கணக்கில் படிக்கிறார்கள். பதினைந்து நாளில் முடியும் கோர்ஸுக்கும் பதினைந்து ஆண்டு ஆகும் கலைக்கும் இருக்கும் வித்தியாசம் அது.

பல ஆர்வம் இருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. அதைப் புரிந்துகொள்ளத் தமிழ் மாதக் காலண்டர் வேண்டும். ஆடியில் கல்யாணம் கிடையாது. மார்கழியில் கிடையாது. புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. ஆக தட்டு, ஆரி, மெஹந்தி, கல்யாணப் புகைப்படம் என்று இருப்பவர்களுக்கு ஆண்டில் இரண்டு மூன்று மாதம் சுத்தமாக ஈ ஓட்டும் காலம். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் தூங்க நேரம் இருக்காது. ஒரே தொழில் வைத்திருப்பவர் ஆவணியில் ஆர்டர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆடியில் கடன் வாங்குகிறார். அக்கா ஆடியில் வகுப்பு எடுக்கிறார், தட்டுகளுக்கு ரிப்பேர் பார்க்கிறார். நவராத்திரி நெருங்கும்போது மூக்கு உடைந்த தசாவதார செட்டுகளும் நிறம் போன மரப்பாச்சிகளும் வண்ணம் பூச வந்துவிடும். மார்கழி பிறக்கும்போது கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கேக். மாமியார் பல மரம் என்று கேலி செய்தது உண்மையில் பயிர் சுழற்சி மாதிரி வேலை செய்கிறது.

பயிர் என்றதும் வில்லேஜ் குக்கிங் சேனல் நினைவுக்கு வருகிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்து விவசாயக் குடும்பம். வயலில் வேலை இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்ற கேள்வியில்தான் 2018இல் அந்த யூடியூப் சேனல் பிறந்தது. பெரியதம்பித் தாத்தா அதற்கு முன்பே விசேஷங்களுக்குச் சமைத்தவர். பேரன்களுக்குப் போனிலும் வீடியோவிலும் ஆர்வம். இரண்டும் வயல்வெளியில் சந்தித்தன. 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டினார்கள். தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் சேனல் அது. "எல்லோரும் சமைப்பதைத்தானே காட்டுகிறார்கள்" என்று கேட்டால், எல்லோரிடமும் ஊருக்கே சமைத்த தாத்தாவும் ஓடைக்கரையும் இல்லை என்பதுதான் பதில். அவர்களைப் பார்த்துக் கிளம்பிய நூற்றுக்கணக்கான கிராமத்துச் சமையல் சேனல்களில் எத்தனை இன்று மூச்சோடு இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

யூடியூபில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அந்த 4,000 மணிக்குப் பதிலாக 90 நாளில் ஷார்ட்ஸ் என்னும் குட்டி வீடியோக்களில் ஒரு கோடி பார்வை இருந்தாலும் போதும். எல்லை தாண்டியதும் நீளமான வீடியோவின் விளம்பரப் பணத்தில் 55 சதவீதமும், ஷார்ட்ஸில் 45 சதவீதமும் நமக்கு. ஆனால் தமிழில் சின்ன சேனல் வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு இந்தப் பணம் பெட்ரோலுக்கு வரும், வாடகைக்கு வராது. அவர்களுக்கு வீடியோ என்பது கடையின் போர்டு. கடை வேறு எங்கோ இருக்க வேண்டும். அக்காவும் தட்டுகளை வீடியோ எடுத்துப் போடுகிறார். அதில் பைசா வந்ததில்லை, தாம்பரத்திலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் வாடகைக்கு ஆள் வருகிறார்கள்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. சிறுதொழிலாகப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் பதிவு முற்றிலும் இலவசம்; அரசு தளம் போலவே தோற்றமளித்து ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தளங்களில் மாட்டிக்கொள்ள வேண்டாம். வீட்டில் செய்து விற்பது சாப்பாட்டுப் பொருளாக இருந்தால், ஒரே ஒரு கேக்காக இருந்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். சின்ன அளவில் செய்பவர்களுக்கான அடிப்படைப் பதிவுக்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான், 14 இலக்க எண் ஒன்று தருவார்கள். ஜிஎஸ்டி பொதுவாக, தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தையும், சேவை தருபவருக்கு 20 லட்சத்தையும் தாண்டினால்தான். இன்ஸ்டாகிராமில் நன்றாக வளர்ந்துவிட்டவர்களுக்கு மட்டும் ஒரு தகவல்: நிறுவனம் "இலவசமாக" அனுப்பி, நாம் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளும் பொருளின் மதிப்பு ஆண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால், 2022 ஜூலையிலிருந்து அதற்கும் 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு.

இந்தக் காகிதங்களையெல்லாம்விடக் கடினமானது விலை சொல்வது. அதிலும் சொந்தக்காரர்களிடம். "நம்ம பொண்ணு கல்யாணத்துக்குத்தானே, உனக்குத்தான் கை சும்மா இருக்காதே" என்று ஆரம்பிப்பார்கள். பொழுதுபோக்காக இருந்தவரை அக்கா சும்மாதான் கொடுத்துக்கொண்டிருந்தார். அதனால் தொழிலாக்கிய பிறகும் அந்த வழக்கம் தானாக நிற்கவில்லை. முதல் ஆண்டில் அவர் தட்டுகள் போன விசேஷங்களில் பாதி சொந்தக்கார வீட்டு விசேஷங்கள். வசூல் பூஜ்யம்.

போன ஆவணியில் நாத்தனார் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பதினொரு தட்டு கேட்டு வந்தார்கள். அக்கா மற்றவர்களுக்குப் போடுவது போலவே ஆர்டர் நோட்டில் பெயர் எழுதி, 1,650 என்று போட்டு, அட்வான்ஸ் 1,000 வாங்கிக்கொண்டார். வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. மாமியார் காபி டம்ளரை வைக்கும் சத்தமே வேறு மாதிரி இருந்தது. கல்யாணத்தன்று அதே நாத்தனாரிடம் போய் 2,001 ரூபாய் மொய் எழுதிவிட்டு வந்தார் அக்கா.

"ஏங்கா, வாங்கினதைவிட அதிகமாத் திருப்பிக் குடுத்துட்டீங்களே, இதுக்கு சும்மாவே குடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"மொய் நோட்டு வேற, ஆர்டர் நோட்டு வேற தம்பி. நான் சும்மா குடுத்திருந்தா அடுத்த மாசம் அவங்க ஓர்ப்படி வந்து நிப்பாங்க."

ஓர்ப்படி வந்தார். அவரும் அட்வான்ஸோடுதான் வந்தார். நாத்தனார் வீட்டிலிருந்து தட்டுகள் திரும்பி வந்தபோது ஒன்றில் மட்டும் மயிலின் கழுத்து ஒடிந்திருந்தது. அதற்கு அட்வான்ஸில் பிடித்தாரா என்று நான் கேட்கவில்லை.